தேயாத செருப்பு

“அத்தை, மாமா செருப்பு மட்டும் ஏன் தேயவே இல்ல?”

முந்தைய ஊரில் விடுதிக்காரரின் மகள், வாசலில் கிடந்த இரண்டு ஜோடிகளையும் பார்த்துக் கேட்டது அவளை விடாமல் அரித்தது.

வருடக்கணக்காக நாடு நாடாய்ச் சுற்றும் தம்பதி அவர்கள். இந்த விடுதியிலும் ஒரு காபிதான் வந்தது.

“என்னை ஒருத்தனும் மதிக்கிறதில்லடி!” என்றார் கணவர்.

“உங்க மூஞ்சி அப்படி. விடுங்க.”

சிரித்துக்கொண்டே அவர் ஜன்னலோரம் போனார்.

முன்பு அயல்நாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அவளைக் கைவிட்டபோது, “வெறும் ஜுரம்டி. அடுத்த ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு” என்றார் அவர். கடவுள் அந்தப் பொய்யை ஆசீர்வதித்திருக்க வேண்டும், அவள் பிழைத்தாள்.

போன வருடம் மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்தது. அவள் அவரை அடக்கம் செய்துவிட்டு அறைக்குத் திரும்பினால், “அடுத்து எந்த ஊர்டி?” என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

இன்றுவரை அவள் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவருடைய செருப்பைக் கல்லில் தேய்க்க ஆரம்பித்தாள்.