போர்டு இல்லாத இடம்

அபராதத்தை எதிர்த்து வருகிறவர்கள் வரிந்துகட்டிக்கொண்டுதான் வருவார்கள். இந்தப் பெண் நிதானமாக உட்கார்ந்து போட்டோவை நீட்டியதே அதிகாரிக்கு உறுத்தியது.

"கார் நிறுத்துன இடத்துல போர்டே இல்ல சார்."

"அது நோ பார்க்கிங் ஏரியாம்மா."

"அது உங்களுக்குத் தெரியும். தெருவுல போறவனுக்கு யார் சொல்றது?"

நியாயம்தான். அதிகாரி ரத்து முத்திரையைக் குத்தினார். "ஃபைன் கட்ட வேண்டாம். கிளம்புங்க."

அவள் அசையவில்லை. "போர்டு எப்ப வைப்பீங்க?"

"நாளைக்கே வெச்சிடுவோம். இல்லன்னா ஊரே உங்களை மாதிரி கிளம்பி வந்துரும். ஆனா இனிமே நீங்களும் அங்க நிறுத்த முடியாது, பார்த்துக்குங்க."

"யாருமே நிறுத்தக் கூடாது சார். அது எங்க வீட்டு வாசல். போன மாசம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. எவனோ கேட்டை மறிச்சு காரை விட்டுட்டுப் போயிட்டான், ஆம்புலன்ஸ் உள்ள வர முடியல. அவர் பொழச்சதே பெரும்பாடு. போர்டு வைங்கன்னு இதே ஆபீசுக்கு நடையா நடந்தேன். ஒருத்தரும் கண்டுக்கல."

"அதுக்கு?"

"அதான் என் காரை நானே அங்க நிறுத்திட்டு, நானே போன் பண்ணி உங்க ஆளை வரவெச்சேன்."