பாடங்களுக்கு நடுவில்

சிவப்புப் புள்ளி எரிந்தால் பதிவு ஓடுகிறது என்று அர்த்தமா, நிற்கிறது என்று அர்த்தமா?

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் தொழிலில் சிவப்பு எரிந்தால் லிஃப்ட் நின்றுபோச்சு, உள்ளே எவனோ மாட்டிக்கிட்டான் என்று பொருள். இந்தக் கம்ப்யூட்டரில் அது பாட்டுக்குக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்தில் அவர் மனைவி, பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர், பேனாவும் கையுமாகக் காத்திருந்தாள். நாளைக் காலையில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் நரம்பை ஒட்டி ஒரு கட்டி. எடுத்த பிறகு குரல் பழையபடி வரலாம், வெறும் காத்தாகவும் வரலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால் பரீட்சைக்கு வேண்டிய பாடங்களை இன்றைக்கே, திரையில் எழுதுவதும் தெரிய, குரலும் கேட்கப் பதிவு செய்துவிட வேண்டும். பிள்ளைகளை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

எதில் பதிவு செய்வது என்பதிலேயே பாதிப் பொழுது போச்சு. ஸ்கூலில் ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். முதல் மென்பொருள், டீச்சர் வரைந்த முக்கோணத்தின் நெற்றியிலேயே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டது. இரண்டாவது, மைக் சத்தம் வேண்டுமா கம்ப்யூட்டர் சத்தம் வேண்டுமா என்று கேட்டது. கம்ப்யூட்டரில்தானே பேசுகிறாள் என்று அவர் கம்ப்யூட்டர் சத்தத்தையே தட்ட, படம் வந்தது, டீச்சர் ஊமையாகிவிட்டாள். அவளே கையை நீட்டி அதை மூடிவிட்டாள்.

மூன்றாவதில் ஒரே ஒரு பட்டன். தட்டினால் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். இதுதான் நமக்குத் தோது என்று அவர்தான் முடிவு செய்தார்.

ஏற்பாடு இதுதான். டீச்சர் கையைத் தூக்கினால் அவர் பட்டனைத் தட்ட வேண்டும். இறக்கினால் மறுபடி தட்ட வேண்டும். வாயைத் திறக்கவே கூடாது.

கை உயர்ந்தது. தட்டினார். பட்டதா, படவில்லையா? லிஃப்டில் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தட்டு தட்டிவைத்தார்.

அப்புறம் ஒரு குழப்பமும் இல்லை. தூக்கினால் ஒரு தட்டு, இறக்கினால் ஒரு தட்டு. நடுநடுவே டீச்சர் அவரை வறுத்தெடுத்தாள். தொண்டைக்கு இதமாக வெந்நீர் வைக்க அவர் ஒரு தடவை சமையலறைக்குப் போய்வந்தார். கடைசிப் பாடம் முடிந்ததும், எல்லாம் சரியாக வந்திருக்கிறதா பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் படுத்தாள்.

முதல் பதிவு திறந்ததுமே முடிந்துபோச்சு. இரண்டாவதைத் திறந்தார்.

“மூச்சை மெதுவா விடுங்க. நீங்க விடற மூச்சுல பேப்பர் பறக்குது.”

இது எங்கே வந்தது? அடுத்ததைத் திறந்தார். அவர் நாற்காலி கிறீச்சிடுகிறதாம், தூக்கி வெளியே போடச் சொல்கிறாள். அதற்கடுத்ததில் அவர் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கணக்கை மட்டும் காணோம்.

பேந்தப் பேந்த விழித்தார். விரல் விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அந்த முதல் பாடத்தில் போட்ட இன்னொரு தட்டு! அதற்கப்புறம் ஓட்டியதெல்லாம் நின்றிருக்கிறது, நிறுத்தியதெல்லாம் ஓடியிருக்கிறது.

போய்ச் சொன்னார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு எழுந்து, முக்கியமான பாடங்களையாவது இன்னொரு தடவை பேசிவிடுகிறேன், அந்தக் குப்பையையெல்லாம் அழித்துவையுங்கள் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது.

அழிக்க உட்கார்ந்தார். கேட்காத பதிவு ஒன்று பாக்கி இருந்தது. அவர் வெந்நீர் வைக்கப் போன நேரத்துப் பதிவு. போகட்டும், இதையும் கேட்டுவிடுவோம் என்று திறந்தார்.

தூரத்தில் குழாய்ச் சத்தம். அவர் பாத்திரம் கழுவுகிறார்.

“ஏங்க,” என்றாள் டீச்சர். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஏங்க.” இன்னும் தணிந்த குரலில்.

அப்புறம் குரலே இல்லாமல், வெறும் காத்தாக ஒரு “ஏங்க”.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதென்ன விளையாட்டு? வேண்டுமென்றால் சத்தமாகக் கூப்பிட வேண்டியதுதானே? வீடே அதிரக் கூப்பிடுகிறவளாச்சே.

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேசையை விரலால் தட்டும் சத்தம். டக், டக். மறுபடியும், சற்றுப் பலமாக. டக், டக்.

குழாய் நின்றது.

“என்ன டீச்சர், கூப்பிட்டியா?” சமையலறையிலிருந்து அவருடைய குரலேதான்.

நீளமாக ஒரு மூச்சு. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“இல்லைங்க. மேசையில ஒரே தூசி. தட்டிவிட்டேன்.”

குரல் இல்லாமல் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஈரத்துணியோடு வந்து, மூலை முடுக்கு விடாமல் அந்த மேசையைத் துடைத்துவிட்டுப் போகும் சத்தமும் அதில் விழுந்திருந்தது.