வில்லிக்கு வேறு பெயர்

ரக்‌ஷனா தன் நாவலின் வில்லிக்கு மாமியார் மனோன்மணியின் பெயரையே வைத்திருந்தாள். இப்போது அதைப் படிக்க மாமியாரே மார்சிலிங் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார்.

"டாக்சி ஏறிட்டாங்களாம். பக்கத்துக்குப் பக்கம் மனோன்மணின்னு இருக்கு. நான் தொலைஞ்சேன்."

"பதறாத லா," என்றான் புரோகிராமரான அவள் கணவன் அகிலன். அவள் லேப்டாப்பைத் திறந்து, பெயரை மாற்ற நாலு வரி ஸ்கிரிப்ட் நிரல் எழுதி ஓடவிட்டான். "முடிஞ்சுது. ஒரு மனோன்மணிகூட மிச்சமில்ல. எல்லா எடத்துலயும் வேற பேரு போட்டாச்சு."

மாமியார் வந்தார். லேப்டாப்பை மடியில் வைத்துக் கடைசி வரி வரை படித்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ரக்‌ஷனாவுக்கு மூச்சு வந்தது.

"சம்பந்தியம்மா பேரையே போட்டு, அவங்கள அப்படியே உரிச்சு வச்சிருக்கியேம்மா," என்றார் மாமியார். "இருந்தாலும் பெத்த தாயப் பத்தி இப்படியா எழுதுறது?"