வலது கோடியில் நிற்பவள்

கிளவுஸின் வார் மறுபடியும் தளர்ந்திருந்தது.

ஜெனிட்டா அவள் கையைப் பிடித்து இழுத்து, வாரின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கி முடிந்துவிட்டாள். பிறகு மைதானத்தின் நடுவில் தன் இடத்துக்கு ஓடிப்போனாள்.

கிளவுஸ் மாட்டியிருந்தவள் வலது கோடிக்கு நடந்தாள்.

கடைசிச் சுற்றில் அவள் இங்கே நிற்பதே இல்லை. அடிக்க வேண்டியதை அடித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்குப் பதில் முப்பிடாதி வருவாள். முப்பிடாதியின் கைக்கு வந்த பந்து தரையைத் தொடாது.

இன்று முப்பிடாதியின் கணுக்கால் வீங்கிக் கிடந்தது.

"நீதாம்மா நிக்கணும்," என்றார் கோச். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நாலுக்கு மூன்று என்று இவர்கள் அணி முன்னால் இருந்தது. அந்த நாலில் மூன்று ரன், ஓடக் காத்திருந்த இருவரையும் சேர்த்து, அவள் ஒரே அடியில் எடுத்தது. பந்து வேலியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் போயிருந்தது.

இன்னும் ஒருத்தி அவுட்டானால் கல்லூரி பேஸ்பால் அணிக்கு முதல் கோப்பை.

எதிரணியில் இருவர் ஓடத் தயாராகக் குனிந்து நின்றார்கள். ஒரு பந்து தவறினால் இருவரும் வந்து சேர்ந்து கோப்பையைக் கொண்டுபோய்விடுவார்கள்.

எதிரணிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். "ஏட்டி, வலப்பக்கமாத் தூக்கி அடி! அங்க நிக்கது ஓட்ட வாளி!"

பெஞ்சே சிரித்தது.

இவள் தன் கிளவுஸ் வாரின் முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மட்டையைப் பிடித்து நிற்கும்போது அவள் இமைப்பதில்லை. பந்தைப் பிடிக்கும்போது மட்டும், கடைசி நொடியில், கண் தானாக மூடிக்கொள்ளும். ஒருமுறை மூக்கில் பட்டதிலிருந்து அப்படித்தான்.

அதனால் எந்தப் பந்து உயர வந்தாலும் ஜெனிட்டா "என்னுது!" என்று கத்திக்கொண்டே வருவாள். கத்தியவளுக்குப் பந்து. மற்றவள் ஒதுங்க வேண்டும்.

இந்த ஆண்டு முழுவதும் இவள்தான் ஒதுங்கினாள்.

ஆனால் ஒரு மாதமாக, காலைப் பூசை முடிந்ததும் ஜெனிட்டா நேரே மைதானத்துக்கு வந்துவிடுகிறாள். பந்தை மேலே எறிவாள். இவள் பிடிப்பாள். முதல் வாரம் தோளிலும் நெற்றியிலும் வாங்கினாள். போன வாரம் பத்தில் ஆறு கைக்குள் நின்றது.

இன்றைக்கு ஒன்று போதும்.

மட்டையில் பந்து பட்ட சத்தம்.

உயரமாக வந்தது. வலப்பக்கம். அவளை நோக்கி.

ஜெனிட்டா நடுவிலிருந்து ஓடி வருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பாய்ந்தால் அவளுக்கு எட்டும். எப்போதும் எட்டியிருக்கிறது.

பழக்கத்தில் இவள் ஒதுங்கக் காலை எடுத்தாள்.

"ஏட்டி, உன்னுது!" ஜெனிட்டாதான் கத்தினாள்.

எடுத்த காலை அங்கேயே ஊன்றினாள்.

ஜெனிட்டாவின் காலடிச் சத்தம் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு இவள் முதுகுக்குப் பின்னால் வந்தது. அங்கே நின்றது.

வெயிலுக்குள்ளிருந்து பந்து இறங்கியது. பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் சிவப்புத் தையல் தெரிந்தது.

கடைசி நொடி.

தையல் இன்னும் தெரிந்தது.