பத்தொன்பது இடது காதுகள்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம்: இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மொன்றியல் துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பண்டசாலை. மதியச் சாப்பாட்டு நேரம்.

அலுவலகத்திலிருந்து யோசெப்பின் என்ற பெண்மணி வந்து, மேசையில் ஒரு கட்டுப் படிவங்களை வைத்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் சமவாய்ப்புக் கொடுக்கிறோமா என்று கம்பெனி தன்னைத் தானே சோதித்துப் பார்க்கப் போகிறதாம். எந்த நாட்டில் பிறந்தீர், வீட்டில் என்ன மொழி, தோல் என்ன நிறம், உடலில் ஏதும் குறை உண்டா. மூன்று மணிக்குள் நிரப்பிப் பெட்டியில் போட வேண்டும்.

தோலின் நிறத்தை எட்டிப் பார்த்தாலே தெரியுமே என்று ஒருவரும் கேட்கவில்லை. படிவம் என்றால் படிவம்.

கிருபானந்தன் நான்காவது கேள்வியில் நின்றுவிட்டார்.

அவருக்கு இடது காது கேட்காது. எண்பத்தேழில் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தபோது போனது. அகதி வழக்கில் அதைச் சொல்லியிருந்தார். வேலைக்கு விண்ணப்பித்தபோது சொல்லவில்லை. ஒரு குறையும் இல்லை என்று எழுதி, மனேஜருக்கு வலது காதைக் காட்டியபடி உட்கார்ந்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலையை வாங்கிவிட்டார்.

ஆக, ஒரு தாளில் காது போய்விட்டது. இன்னொரு தாளில் போகவில்லை. இந்த மூன்றாவது தாள் எதனோடு ஒத்துப்போவது?

எல்லாத் தாள்களும் கடைசியில் தலைநகர் ஒட்டாவாவில் ஒரே மேசைக்குத்தான் போய்ச் சேரும் என்பது அந்த நாளில் நம் ஆட்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

இல்லை என்று எழுதினால் அகதி வழக்கில் சொன்னது பொய்யாகிவிடும். உண்டு என்று எழுதினால் ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலைக் கடிதம் இல்லாமல் மனைவி செல்வமலரைக் கனடாவுக்குக் கூப்பிடுவது எப்படி? ஏழு வருடமாக அவர் கொழும்பில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தார்.

அந்தப் பண்டசாலையில் தமிழர் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேருக்கும் படிவம் நிரப்புவது செபஸ்தியாம்பிள்ளை. யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். பிரெஞ்சு தெரியாது. ஆனால் எந்த மொழிப் படிவத்திலும் எங்கே புள்ளடிக் குறி போட வேண்டும் என்பதை முகர்ந்தே கண்டுபிடிப்பார்.

அவர் கிருபானந்தனின் தாளை இழுத்து, ஒன்றும் கேட்காமல், 'உண்டு' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். பக்கத்தில், இடது காது என்றும் எழுதினார்.

"ஐயா! உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அஞ்சு வருசமா இந்த மேசையிலை உம்மடை இடப்பக்கம் ஆராவது இருந்து சாப்பிட்டதுண்டோ?"

கிருபானந்தன் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கத்துக் கதிரை காலி. மற்றப் பதினெட்டுப் பேரும் வலப்பக்கத்தில் முழங்கையோடு முழங்கை இடிபட நெருக்கியடித்துக்கொண்டு சோறு தின்றார்கள். இவ்வளவு காலமும் அதை ஜன்னல் குளிரால் என்று நினைத்திருந்தார்.

செபஸ்தியாம்பிள்ளை அடுத்த தாளிலும் அதே புள்ளடி போட்டார். அதற்கடுத்த தாளிலும்.

"உமக்கு மட்டும் கேக்காதெண்டால் அது உம்மடை குறை. பத்தொன்பது பேருக்கும் கேக்காதெண்டால் அது எங்கடை வழக்கம். வழக்கத்திலை ஒருத்தனும் கை வைக்கமாட்டான்."

"அண்ணை, எனக்கு வலதையும் சேர்த்துப் போடுங்கோ. ஃபோர்மன் கத்திறது கேக்காமலிருக்கும்" என்றான் மேசையின் கடைசியில் இருந்த இளையவன் தனோஜன்.

"பொத்தடா வாயை. ஆளுக்கு ஒரு காதுதான்."

மூன்றரை மணிக்கு யோசெப்பின் ஓடி வந்தார். பின்னால் ஒரு டாக்டர்.

டாக்டர் பத்தொன்பது பேரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வோர் இடது காதிலும், "இன்று உமக்குச் சம்பளத்தோடு அரைநாள் லீவு" என்று குசுகுசுத்தார். ஒருவரும் அசையவில்லை. தனோஜனின் கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டு நீர் இறங்கியது. தூசி என்றான்.

செயின்ட் லோரன்ஸ் நதியில் அடிக்கும் பனிக்காற்று தமிழரின் இடது காதைத் தேடிப் போய்த் தாக்குகிறது என்று டாக்டர் நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். கம்பெனி அன்று பின்னேரமே இடப்பக்கச் சுவரில் இருந்த, வேலை நேரத்துக்கு ஊதும் சங்கைக் கழற்றி வலப்பக்கம் பூட்டியது. தமிழரோடு கதைக்க வருபவர்கள் வலப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும் என்று தரையில் மஞ்சள் கோடும் கீறியது.

ஃபோர்க்லிஃப்டிலிருந்து ஒருவரையும் இறக்கவில்லை.

யோசெப்பின் அந்த மஞ்சள் கோட்டில் பிசகாமல் நடந்து, கிருபானந்தனின் வலப்பக்கம் வந்து நின்று, செல்வமலரைக் கூப்பிடத் தேவையான வேலைக் கடிதத்தை நீட்டினார். ஈரம் காயாத கையெழுத்து. மேசையில் இருந்த பதினெட்டுப் பேரும் தங்களுக்குத்தான் பெண்சாதி வரப்போகிற மாதிரிக் கைதட்டினார்கள்.

ஏப்ரலில் அந்தப் படிவங்களின் முடிவைக் கம்பெனி சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியது: வீட்டில் தமிழ் பேசுவோர் ஒருவர் (பத்தொன்பது தாளிலும் ஒரே கையெழுத்து), உடற்குறை உள்ளோர் எவருமில்லை (இடது காது கேளாமை தமிழரின் வழக்கம்).