வேண்டாம் என்று ஒரு வார்த்தை

கொக்கு ஒவ்வொரு நண்டு வளையிலும் குனிந்து கூவியது: "மீன் வேணுமா? வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இனிமே வரமாட்டேன்!"

"தினமும் இதே தொல்லை. சொல்லிட்டு வந்துடறேன்" என்று ஒரு வளைக்குள்ளிருந்து கிளம்பியது ஆண் நண்டு.

பெண் நண்டு அதன் காலைப் பிடித்து இழுத்தது. "சும்மா இருங்க. எந்த வளையில ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

அதற்குள் பக்கத்து வளையிலிருந்து மரியாதையான குரல் கேட்டது: "வேண்டாங்க."

அவ்வளவுதான். கொக்கு மற்ற வளைகளை விட்டுவிட்டு அந்த வாசலிலேயே ஒற்றைக்காலில் நின்றுவிட்டது.

ஆண் நண்டும் பெண் நண்டும் உள்ளுக்குள்ளேயே மணலைத் தோண்டிப் போய், பக்கத்து நண்டைத் தங்கள் வளைக்குக் கூட்டிவந்தன.

வெளியே, காலி வளையிடம் கொக்கு கெஞ்சியது: "சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

பாவம் என்று பக்கத்து நண்டு வாயைத் திறந்தது. இரண்டும் சேர்ந்து மெதுவாகப் பொத்தின.