அம்மா மென்ற ரொட்டி

"பல்லு மொளைக்கிற வரைக்கும் அம்மா எனக்கு ரொட்டிய மென்னுதான் ஊட்டுச்சாம்" என்றாள் இந்திராணி.

இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

பக்கத்தில் அக்காள் விஜயகலா இருந்தாள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

காலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு அம்மா ஓடி வருவாளாம். சின்னவளை மடியில் போட்டு, காய்ந்த ரொட்டியைக் கூழாக மென்று வாயில் வைப்பாளாம். வெற்றிலையும் சுண்ணாம்பும் தின்று ஈறெல்லாம் இரத்தம் கசிகிற வாய் அது.

விஜயகலாவுக்கு ஊட்டியது அத்தை. தீட்டுக் கழிந்த கையோடு அம்மா அவளைப் பிள்ளையில்லாத அத்தைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கஹவத்தைத் தோட்டத்து அத்தை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ரொட்டியைத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டுக் கரண்டியால் கொடுத்தாள்.

கரண்டியால்.

அம்மா குடியிருந்த லயத்துக் காம்பராவும் சின்னவளுக்கு. தோட்டத்தில் அம்மாவின் வேலையும் சின்னவளுக்கு. வயிறு பானையாக வீங்கி அம்மா செத்தபோது தலையை மடியில் வைத்திருந்தவளும் சின்னவள்தான். பஸ் பிடித்து விஜயகலா வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கல்லுத்தோடு அதற்குள் இந்திராணியின் காதுக்குப் போயிருந்தது.

அன்றிலிருந்து விஜயகலாவின் கண் அந்தத் தோட்டின் மேல்தான். அவள் பார்க்கும்போதெல்லாம் இந்திராணி முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வாள். இப்போதும் மூடினாள்.

போன மாதம் இந்திராணியின் ஈரலில் கிருமி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கூடப் பிறந்தவளையும் சோதிக்க வேண்டும் என்றதால் விஜயகலாவும் இரத்தம் கொடுத்திருந்தாள். இன்று முடிவு கேட்கும் நாள். முடிவு கையில் கிடைத்ததும் தோட்டைக் கேட்டுவிடுவது என்றுதான் அவள் வந்திருந்தாள். நோய்க்காரிக்குக் கல்லுத்தோடு எதற்கு?

நர்ஸ் ஷாமிளா இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க ரத்தத்துல ஒண்டுமில்ல. தங்கச்சிக்கு இருக்கிறது இப்ப தொத்தினதில்ல. பச்சப் புள்ளயில வந்து ஈரல்ல உக்காந்தது. அநேகமா அம்மாகிட்ட இருந்துதான்."

"எங்கம்மா கசிப்புச் சாராயம் தொட்டதே இல்லங்க" என்றாள் இந்திராணி. "லயத்துச் சனந்தான் குடிச்சுச் செத்துச்சுன்னு பேசிச்சு."

"குடிக்காதவங்களுக்கும் வரும். பெத்தப்பவும் ஒட்டும், வளத்தப்பவும் ஒட்டும். ரத்தம் பட்டாப் போதும். முப்பது நாப்பது வருஷம் சத்தமில்லாமக் கெடக்கும், பொறகு ஈரலச் சுருட்டும். மாத்திரைய மட்டும் விட்டுறாதீங்க."

இந்திராணி சிரித்தாள். "அம்மா ஒண்ணையும் மிச்சம் வைக்காம எல்லாத்தையும் எனக்கே குடுத்திருச்சு போல."

விஜயகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நோயையும் அம்மா இவளுக்குத்தான் கொடுத்திருக்கிறாள்.

வெளியே பஸ் நிற்கும் ஹோல்டில் நின்றார்கள். தோட்டைக் கேட்க வேண்டும். அவள் வாயெடுப்பதற்குள் இந்திராணி தானே திருகாணியைக் கழற்றத் தொடங்கினாள். ஒரு தோடு, மற்றத் தோடு. இரண்டையும் அக்காளின் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"வச்சுக்கக்கா."

விஜயகலா கையைத் திறந்து பார்த்தாள். கல் ஒன்று மங்கிப்போயிருந்தது.

நிமிர்ந்தபோது இந்திராணி பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டை அல்ல. அக்காளின் வலது விலாவுக்குக் கீழே, சேலை விலகித் தெரிந்த, ஈரல் இருக்கும் இடத்தை. கண் இமைக்கவில்லை.

இத்தனை நாள் தோட்டின் மேல் தான் வைத்திருந்த அதே பார்வை அது என்று விஜயகலாவுக்குத் தெரிந்தது.

அவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.